ஈர ஓரத்துக்குக் கல்வாழை

குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் தெருவோரத்தில் பாய்ந்து தேங்குவதை ரெட்டியார்பாளையம் போன்ற நம் ஊர்களில் காண்கிறோம். அங்கே கொசு பெருகுகிறது, நாற்றம் எழுகிறது. அந்த ஈர ஓரத்தையே பூம்பாத்தியாக்கலாம் என்பதும், அதற்கேற்ற செடி கல்வாழை என்பதும் நமது கருத்து. ஆயினும் அதன் வல்லமைக்கு ஓர் எல்லை உண்டு. அதையும் சொல்லிவிடுவது நம் கடமை.

கல்வாழை வெப்ப அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தது. வாழை, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றுக்குத் தூரத்து உறவு. ஒருமுறை ஊன்றினால் கிழங்கு படர்ந்து, ஆண்டுக்கணக்கில் நிலைத்துச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும். ஈரத்தைப் பொறுக்கும், வெயிலை விரும்பும். இரண்டு மூன்று முளைக்கண்கள் உள்ள கிழங்குத் துண்டை, ஐப்பசி மழைக்கு முன்னர், நான்கு விரற்கடை ஆழத்தில் ஒன்றரை அடி இடைவெளிவிட்டு நடுக. பூத்து ஓய்ந்த தண்டை அடியோடு அறுத்தால் பக்கத்தில் புதுத்தண்டு எழும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதரைப் பெயர்த்துப் பிரிக்க வேண்டும். விதையால் வளர்ப்போர் அதன் கடினமான தோலைக் கல்லில் தேய்த்து, ஊறவைத்த பின்னரே விதைக்க வேண்டும்.

பாத்தியின்மேல் நீர் தேங்கலாகாது. எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் முதலில் ஒரு சிறு தொட்டியில் தங்கட்டும். பின்னர் ஜல்லி நிரப்பிய பாத்தியினுள் நீர் மறைந்து ஓடட்டும். ஜல்லியிலும் வேரிலும் ஒட்டிவாழும் நுண்ணுயிர்களே அழுக்கைச் சிதைக்கின்றன; கல்வாழை நீரிலுள்ள தழைச்சத்தை உண்டு அவற்றுக்குத் துணை நிற்கிறது. அண்மையிலுள்ள ஆரோவிலில் தாவரப் படுகைகளால் கழிவுநீரைத் தூய்மை செய்யும் முறை கையாளப்படுகிறது. குடிநீர்க் கிணற்றின் அருகில் மட்டும் இப்பாத்தியை அமைக்கலாகாது.

நெசவாளத் தோழர்களுக்கு ஒரு சொல். சாயத்தொட்டி நீரை இதில் விடுவது தகாது. சாயம் பிடிக்க இடும் உப்பைக் கல்வாழை போக்கிவிடாது. அது மண்ணிலும் நிலத்தடி நீரிலும் சேரும். நொய்யலாறு மாசுபட்டதன் விளைவாக, 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டதை நாம் மறக்கலாகாது.

கழிப்பறை நீரும் இப்பாத்திக்கு உரியதன்று. 2024 ஜூனில் ரெட்டியார்பாளையம் புதுநகரில், புதைசாக்கடையின் நச்சுவாயு கழிப்பறை வழியே வீடுகளுட் புகுந்து மூவர் மாண்டனர். கண்ணுக்கு மறைந்த கழிவுநீர் தீர்ந்துபோன கழிவுநீர் அன்று என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை. அதற்குப் பரிகாரம் குழாய்களின் முறையான பராமரிப்பும் வாயு வெளியேறும் வழியுமே; பூஞ்செடி அன்று.

ஆகவே கடமையைப் பகுத்துக்கொள்வோம். சாயநீருக்குத் தொழில் செய்வோர் ஒன்றுகூடிப் பொதுச் சுத்திகரிப்பை நாடவேண்டும். சாக்கடைக்கு நகராட்சியைத் தளராது கேட்கவேண்டும். குளித்த நீருக்கும் கழுவிய நீருக்கும் அந்தந்த வீடே பொறுப்பேற்கலாம். கிழங்கு வைத்திருக்கும் அங்கத்தினர்கள், அடுத்த முறை புதரைப் பிரிக்கும்போது அண்டை வீட்டாருக்கும் கொடுத்து உதவுவார்களாக.