மொழிபெயர்க்காமல் படிக்க ஒரு புத்தகம்

எங்க சேரியில் மாலைநேர வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு நாள் பிள்ளைகளிடம் காகிதமும் கலர் பென்சிலும் கொடுத்து, "உங்க வீட்டை வரைங்க"ன்னு சொன்னேன். இருபது பிள்ளைகளும் ஒரே வீட்டைத்தான் வரைந்தார்கள். ஓட்டு வீடு, பக்கத்தில் தென்னை மரம், பின்னால் இரண்டு மலை, நடுவில் சூரியன். எங்க ஊர்ப்பக்கம் மலையே கிடையாது. அந்தப் பிள்ளைகள் இருந்தது கூரை வீட்டில். "இது யாரு வீடுடா?" என்றேன். "வீடுன்னா இப்பிடித்தாண்ணே இருக்கும், புஸ்தகத்துல போட்டிருக்குல்ல" என்றான் ஒருவன்.

யாரும் அவனை அடிக்கவில்லை, சாதி சொல்லித் திட்டவில்லை. ஒரு படம் போட்டார்கள், அவ்வளவுதான். தன் வீடு வீடே இல்லை என்று பிள்ளை தானாகவே கற்றுக்கொண்டது.

அமெரிக்காவில் ஒரு பிள்ளை இதைக் கேள்வியாகவே கேட்டிருக்கிறது. புத்தகத்தில் ஏன் எப்போதும் வெள்ளைப் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள் என்று நியூயார்க் மழலையர் பள்ளியில் ஐந்து வயதுக் கறுப்புச் சிறுமி கேட்டாள். நான்சி லாரிக் என்ற கல்வியாளர் 1965இல் எழுதிய கட்டுரை அந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. அவர் கணக்கும் எடுத்தார். 1962 முதல் 1964 வரை 63 பதிப்பகங்கள் போட்ட 5,206 சிறுவர் நூல்களில், ஒரு கறுப்பராவது தலைகாட்டியவை 349. நூற்றுக்கு ஏழுகூடத் தேறவில்லை.

அந்தச் சூழலில் வந்தவர்தான் ஜான் ஸ்டெப்டோ. 1950இல் நியூயார்க்கின் புரூக்ளினில், பெட்ஃபோர்டு-ஸ்டைவெசன்ட் என்னும் கறுப்பர் குடியிருப்பில் பிறந்தவர். பதினாறு வயதில் 'ஸ்டீவி' என்ற படக்கதையைத் தொடங்கினார். 1969இல் புத்தகமாக வந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. 'லைஃப்' பத்திரிகை முழுக் கதையையும் படங்களோடு வெளியிட்டது.

கதை ரொம்பச் சின்னது. வேலைக்குப் போகிற ஒரு தாய் தன் சின்னப் பையன் ஸ்டீவியை ராபர்ட்டின் வீட்டில் விட்டுப் போகிறாள். ராபர்ட்டுக்கு எரிச்சல். அவன் பொம்மைகளை ஸ்டீவி உடைக்கிறான், போகிற இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு வருகிறான். பிறகு ஸ்டீவியின் குடும்பம் வேறு இடம் போய்விடுகிறது. வீடு வெறிச்சோடிப் போன பிறகுதான் ராபர்ட்டுக்குத் தெரிகிறது, அவன் தனக்குத் தம்பி மாதிரி இருந்தான் என்று. இவ்வளவுதான் கதை. வெள்ளையரின் கொடுமை பற்றி ஒரு வரி இல்லை, ஒப்பாரி இல்லை. தடித்த கறுப்புக் கோடுகள், அதற்குள் பற்றி எரிகிற வண்ணங்கள்.

ஆனால் ராபர்ட் பேசுகிறானே, அது புரூக்ளின் தெருவின் கறுப்புப் பேச்சு. பள்ளிக்கூட ஆங்கிலம் அல்ல. இந்த மொழி வெள்ளைப் பிள்ளைகளை நோக்கியதல்ல, கறுப்புப் பிள்ளைகள் மொழிபெயர்க்காமல் படிக்க வேண்டும் என்றார் ஸ்டெப்டோ. பதினெட்டு வயதுப் பையன் சொன்னதுங்க இது! நம்ம பிள்ளைகள் முதல் வகுப்பிலிருந்தே மொழிபெயர்த்துக்கொண்டுதானே உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுச் சொல்லை வாசலில் விட்டுவிட்டு வகுப்புக்குள் போகிற பிள்ளைக்குப் பாதிச் சக்தி அதிலேயே செலவாகிவிடுகிறது.

ஸ்டெப்டோவுக்கு முன்பே, 1962இல், எஸ்ரா ஜாக் கீட்ஸ் பனியில் விளையாடும் ஒரு கறுப்புச் சிறுவனை நாயகனாக்கினார். கீட்ஸ் யூத வெள்ளையர். நல்ல புத்தகம், நல்ல மனசு, மறுக்கவில்லை. ஆனால் வெளியிலிருந்து அன்போடு பார்ப்பது வேறு, உள்ளிருந்து பேசுவது வேறு. தலித் இலக்கியத்தை யார் எழுதுவது என்று தொண்ணூறுகளில் நாம் மண்டையை உடைத்துக்கொண்டோமே, அந்த விவாதத்துக்கு இந்த இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

ஸ்டெப்டோ அதோடு நிற்கவில்லை. 'அப்டவுன்' (1970) கதையில் இரண்டு பையன்கள் ஹார்லெம் தெருக்களில் நடந்தபடியே பெரியவனானால் என்ன ஆவோம் என்று பேசிக்கொள்கிறார்கள். போதைக்கு அடிமையாவதிலிருந்து போலீஸ்காரர் ஆவது வரை எல்லாம் அந்தப் பேச்சில் வருகிறது. பிள்ளைகள் பார்ப்பதை அவர் மறைக்கவில்லை. 1987இல் 'முஃபாரோவின் அழகிய மகள்கள்'. ஜிம்பாப்வேப் பகுதியின் பழங்கதை. அதன் கட்டடங்களை மகா ஜிம்பாப்வேயின் இடிபாடுகளைப் பார்த்து வரைந்தார். அந்தக் கல்நகரத்தைக் கட்டியது ஆப்பிரிக்கர்களே அல்ல, வெளியிலிருந்து வந்த எவரோ என்றுதான் காலனியவாதிகள் பல காலம் சாதித்தார்கள். கட்டியவனிடமிருந்து கட்டடத்தையே பிடுங்குகிற வித்தை நமக்குப் புதிதா என்ன? ஸ்டெப்டோ அதை ஒரு குழந்தைப் புத்தகத்தில் திருப்பி எடுத்துக்கொடுத்தார். கதைநாயகிகளின் முகத்துக்கு மாதிரி அவருடைய சொந்த மகள்.

1989இல், 38 வயதில், எய்ட்ஸ் நோயால் இறந்துபோனார். அமெரிக்கப் படநூல்களின் உயர்ந்த விருதான கால்டெகாட் பதக்கம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதன் அடுத்த படியான சிறப்பு மரியாதைதான் இரண்டு முறை வந்தது. அவர் மகன் ஜவாகா ஸ்டெப்டோ 2017இல் அந்தப் பதக்கத்தையே வாங்கினார். ஆனாலும் ஒருவர் ஜெயித்தால் கதவு திறந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. 'ஸ்டீவி' வந்து பதினாறு வருஷம் கழித்து, 1985இல், அமெரிக்காவில் வெளியான ஏறக்குறைய 2,500 சிறுவர் நூல்களில் கறுப்பர்கள் எழுதியோ வரைந்தோ வந்தவை பதினெட்டே பதினெட்டு.

கறுப்பர் இயக்கத்திடமிருந்து 1972இல் பம்பாயில் சிறுத்தைகள் என்ற பெயரை எடுத்துக்கொண்டோம். கவிதையை, கோபத்தை எடுத்துக்கொண்டோம். படப் புத்தகத்தை மட்டும் விட்டுவிட்டோம். அது சின்னப்பிள்ளை விஷயமாகத் தெரிந்தது.

"சேரிப் பேச்சில் புத்தகம் போட்டால் பிள்ளைகள் முன்னேறுவது எப்படி?" என்று நம் தோழர்களே கேட்பார்கள். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோதும் அந்த மொழியைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. பாடப்புத்தகத் தமிழை நம் பிள்ளைகள் கற்கட்டும், கரைத்துக் குடிக்கட்டும். அதற்கு முன்னால், தன் வீடு, தன் தெரு, தன் அம்மாவின் பேச்சு அச்சேறிய ஒரு புத்தகத்தையாவது கையில் வைத்துப் பார்க்கட்டும். அதில் அடிபடுகிற பிள்ளையாக மட்டும் நாம் வர வேண்டாம். தம்பியோடு சண்டை போடுகிற பிள்ளையாகவும் வருவோம்.

வரையத் தெரிந்த மாணவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். சுவரில் அம்பேத்கர் படம் எழுதுகிற அதே கை போதும். பதினாறு பக்கம், கொஞ்சம் வண்ணம். அடுத்த தடவை "உங்க வீட்டை வரைங்க"ன்னு சொல்வதற்கு முன்னால் அந்தப் புத்தகம் பிள்ளைகள் கையில் இருக்கணும்.