வெண்பனியும் வேக வண்டியும்

எம்மிடம் முன்னர் பௌதிகம் பயின்ற மாணவர் ஒருவர் கனடாவிலிருந்து நீண்டதொரு கடிதம் எழுதியிருந்தார். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் வசிக்கின்றார். பாவித்த கார் ஒன்றைக் கோடையிலே வாங்கி, அதன் படத்தை வீட்டாருக்கு அனுப்பி, அவர்களும் அதனை அயலாருக்கெல்லாம் காட்டி மகிழ்ந்த செய்தி எமக்கு முன்னரே தெரியும். நான்கு கதவுகளும் தாழ்ந்த உடலும் அகன்ற ரயர்களும் உடைய, ‘ஸ்போர்ட்ஸ் செடான்’ என்று சொல்லப்படும் இனத்து வண்டி அது. இயந்திரத்தின் வலு பின் சில்லுகளுக்குச் செல்வது.

கடிதத்தின் சாரம் இதுதான். மாரியின் முதல் வெண்பனி விழுந்த மறுநாட் காலை, வேலைக்குச் செல்லும் வழியில் ஓர் இறக்கத்திலே சிவப்பு விளக்கைக் கண்டு பிறேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேற் செல்லவில்லை என்று சத்தியம் செய்கின்றார். சறுக்கிக்கொண்டே சந்தியைக் கடந்து, அப்பாலுள்ள நடைபாதை விளிம்பில் மோதி நின்றது. ஒரு கணத்துக்கு முன்னர்தான் பேருந்து ஒன்று குறுக்கே போயிற்று. எவருக்கும் காயமில்லை. “சேர், பிழை என் ஓட்டத்திலா, ரயரிலா? குளிர்கால ரயர் வாங்க வைத்திருந்த காசைத் தங்கையின் படிப்புக்கு அனுப்பிவிட்டேன். வண்டி விற்றவர் இருக்கிற ரயரே போதும் என்றார். வீட்டில் மட்டும் சொல்லிவிட வேண்டாம்” என்று முடித்திருந்தார்.

வீட்டில் நாம் சொல்லவில்லை. பெயரும் ஊரும் குறிப்பிடாமல் இப்பகுதியில் எழுதுவதற்கு அவரே இசைவு தந்துள்ளார். எம் வாசகர் குடும்பங்களிற் பலவற்றுக்குக் கனடாவிலோ நோர்வேயிலோ ஜேர்மனியிலோ ஒரு பிள்ளையேனும் இருப்பதால், அவர் கேட்ட கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. வெண்பனியில் நாம் வண்டி ஓட்டியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். ஆனால் உராய்வு பற்றி இருபது ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றோம். அங்குள்ளோரிடமும் கேட்டறிந்தோம்.

பனி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்கும் துளி. அதிகம் போனால் நுவரெலியாவில் தை மாதத்தில் நிலத்தின் மீது படியும் உறைபனி. வெண்பனி முற்றிலும் வேறானது. விழுந்தபோது பஞ்சுபோலிருக்கும், வண்டிகள் மிதித்தபின் இறுகிப் பலகைபோலாகும், பகலிலே சற்று உருகி இரவில் மீண்டும் உறைந்தால் கண்ணாடியாகும். இவற்றுள் மிகப் பொல்லாதது இறுதியிற் சொன்னதே. தாரின் நிறம் ஊடாகத் தெரிவதால் அங்குள்ளோர் அதனைக் ‘கறுப்புப் பனிக்கட்டி’ என்பர். பாலங்களின் மீது அது முதலில் உண்டாகும்; பாலத்துக்கு மேலும் கீழும் குளிர்காற்று வீசுவதே காரணம்.

இனி மாணவரின் கணக்கைப் பார்ப்போம். வண்டி ஒன்றைத் தெருவோடு பிணைத்திருப்பவை நான்கு ரயர்கள் தரையைத் தொடும் நான்கு இடங்கள்தாம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கையளவு. நிறுத்துவதும் திருப்புவதும் முன்செலுத்துவதும் அந்த நான்கு உள்ளங்கைகளின் உராய்வினாலேயே நடைபெறுகின்றன. உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் குணகம் 0.8 எனக் கொண்டால், மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி பிறேக் பிடித்தபின் சுமார் 12 மீற்றரில் நின்றுவிடும். இறுகிய வெண்பனியில் அது 0.2 எனக் கொண்டால் 49 மீற்றர் வேண்டும். பனிக்கட்டியில் 0.1 ஆயின் 98 மீற்றர். கண் கண்டு கால் மிதிப்பதற்கு ஒரு செக்கன் செல்லுமாயின், அதற்குள் ஓடும் 14 மீற்றரையும் இவற்றோடு கூட்டிக்கொள்ள வேண்டும். இறக்கமோ இதனை இன்னும் கெடுக்கும். நூற்றுக்கு ஐந்து என்ற மெல்லிய சரிவிற்கூட 49 மீற்றர் ஏறத்தாழ 65 மீற்றராகிவிடும்.

இச்சமன்பாட்டிலே திணிவு இரு பக்கமும் வெட்டுண்டு போவதை உயர்தர வகுப்பு மாணவர் கவனிக்க. வண்டி பாரமானது, ஆகவே நன்றாகப் பிடித்து நிற்கும் என்று சொல்வோர் பலர். அது பிழை. நான்கு சில்லுகளுக்கும் வலுவைச் செலுத்தும் வண்டியென்றால் அச்சமில்லை என்பதும் அத்தகையதே. நான்கு சில்லுகளும் இழுத்தால் வண்டி எளிதிற் புறப்படும்; ஏற்றத்திலும் ஏறும். ஆனால் எல்லா வண்டிகளும் நான்கு சில்லுகளாலேயே நிற்கின்றன. நிறுத்தும் வேளையில் விலையுயர்ந்த வண்டிக்கும் எளிய வண்டிக்கும் இடையேயுள்ள பெரும் பேதம் ரயரிலேதான்.

எனவே மாணவருக்கு எமது விடை: பிழை இரண்டிலும் உண்டு, பெரும்பங்கு ரயரினது. அவர் வண்டியில் இருந்தவை கோடை ரயர்கள். சூடான தெருவிலே வேகமாக வளைவதற்கென்று செய்யப்பட்டவை. வெப்பம் ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே போனதும் அவற்றின் இறப்பர் விறைக்கத் தொடங்கும். விறைத்த இறப்பர் தெருவின் நுண்ணிய மேடுபள்ளங்களிற் படிந்து கவ்வாது. குளிர்கால ரயரின் இறப்பரோ உறைநிலைக்கு வெகுகீழேயும் நெகிழ்ச்சி குன்றாதவாறு சிலிக்கா முதலியன சேர்த்துக் கூட்டப்படுவது. இயற்கை இறப்பருக்கு அதில் நல்ல இடமுண்டு; ஏனெனில் அது ஏறத்தாழ −70 பாகை வரை கண்ணாடித் தன்மை அடைவதில்லை. பிரேசிலின் வெப்பக்காட்டு மரத்தின் பால் வடதுருவத்துக் குளிரைத் தாங்குவது வியப்பே. அம்மரத்தின் நாற்றுகள் 1876 ஆம் ஆண்டு லண்டன் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்து கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இறப்பரோடு தவாளிப்பும் வேறுபடும். குளிர்கால ரயரின் மேற்பரப்பில் ஆழ்ந்த தவாளிப்புகளோடு, கத்தியாற் கீறியதுபோன்ற நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகளையும் காணலாம். இத்தகைய வெட்டுக்கு அமெரிக்காவில் 1923 ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றவர் ஜோன் சைப் என்பவர். இன்றும் அவ்வெட்டுகள் அவர் பெயராலேயே வழங்குகின்றன. வண்டி செல்லும்போது அவை விரிந்து வெண்பனியை வாயிற் கவ்விக்கொள்ளும். வெண்பனியை மிக நன்றாகப் பற்றுவது வெண்பனியே. சிறுவர் பனியுருண்டை செய்யும்போது உருளும் உருண்டை தரைப்பனியைத் தன்மேல் ஒட்டிக்கொள்கின்றதல்லவா? அதுவே இங்கும் நிகழ்கின்றது. கோடை ரயரிலே ஒட்டுமண்ணைத் தட்டிவிடலாம். குளிர்கால ரயரில் ஒட்டிய பனியோ வேலைக்காரன்.

இத்துறையில் முன்னோடிகள் பின்லாந்து நாட்டினர். 1934 ஆம் ஆண்டு லொறிகளுக்கும், 1936 இற் கார்களுக்கும் நொக்கியா நகரத்துத் தொழிற்சாலை குளிர்கால ரயர்களைச் செய்தது. பின்னர் ரயரிலே சிறு உலோக ஆணிகளைப் பதிக்கும் வழக்கமும் வந்தது. வழுக்குப் பனிக்கட்டியில் ஆணிக்கு நிகரில்லை. ஆயின் பனியற்ற நாளில் அது தெருவை அரைத்துத் தூளாக்கும். அத்தூளினால் நேர்ந்த கேட்டைக் கண்டு ஜப்பானியர் 1990 ஆம் ஆண்டு சட்டமியற்றி ஆணி ரயரை விலக்கினர். ஒஸ்லோ நகரில் ஆணி ரயரோடு ஓடுவோர் கட்டணம் செலுத்த வேண்டும். எம் மாணவர் வாழும் தென் ஒன்ராறியோவிலே அங்குள்ள வண்டிகளுக்கு ஆணி ரயர் அனுமதியில்லை; வட ஒன்ராறியோவிலே உண்டு.

கடையிற் போய் நிற்பவர் எதைப் பார்க்க வேண்டும்? ரயரின் பக்கச் சுவரிலே மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள்ளே ஒரு பனிப்பூவும் பொறித்திருக்க வேண்டும். 1999 இல் வந்த இச்சின்னம், ஒப்பீட்டு ரயரிலும் பார்க்க வெண்பனியிற் பத்து வீதமாவது மிகுந்த இழுபிடியைச் சோதனையிற் காட்டிய ரயருக்கே உரியது. ‘எம்’, ‘எஸ்’ என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் இருந்தால் அது சேறும் பனியும் என்று பொருள்படும். தவாளிப்பின் அமைப்பைக் குறிக்குமேயன்றிச் சோதனை எதற்கும் சான்றாகாது. ‘எல்லாப் பருவத்துக்கும் உரியது’ என்று விற்கப்படும் ரயர்கள் பலவற்றிலே இவ்வெழுத்துகளையன்றி வேறு காணக் கிடைக்காது. வண்டி விற்றவர்கள் ‘போதும்’ என்று சொல்லும் ரயர் பெரும்பாலும் இதுவே. எம் மாணவருக்கோ அதுகூட வாய்க்கவில்லை. ஜேர்மனியில் 2024 ஒக்ரோபரிலிருந்து மலைச் சின்னமுள்ள ரயரே மாரித் தெருவுக்கு ஏற்றதெனக் கொள்ளப்படுகின்றது. கியூபெக் மாகாணத்தில் 2008 ஆம் ஆண்டு முதல் குளிர்கால ரயர் கட்டாயம். 2019 முதல் அக்காலம் டிசம்பர் 1 இலிருந்து மார்ச் 15 வரை. ஒன்ராறியோவிற் கட்டாயமில்லை. அங்கே 2016 முதல் காப்புறுதிக் கம்பனிகள் இத்தகைய ரயருக்குத் தவணைப்பணத்திற் கழிவு தர வேண்டும் என்பது மட்டுமே விதி. கட்டாயம் இல்லாத இடத்திலேதான் தங்கையின் படிப்புக் காசும் ரயர்க் காசும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கின்றன.

ஸ்போர்ட்ஸ் செடான் வைத்திருப்போருக்கு வேறொரு சங்கதி. அவர் வண்டியின் ரயரில் 245/40 ஆர் 18 என்றிருக்கின்றதாம். 245 என்பது மில்லிமீற்றரில் அகலம். 40 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பது. 18 என்பது உள்வளையத்தின் விட்டம், அங்குலத்தில். அகன்ற ரயர் கோடையில் அழகு. பனியிலோ அது படகுபோல் மேலே மிதக்க முயலும். ஒடுங்கிய ரயருக்கு அமுக்கம் கூடுதலாகையால் இளம்பனியை வெட்டிக் கீழிறங்கும். ஆகவே 225/50 ஆர் 17 போன்ற அளவுக்கு மாறுவது வழக்கம். இரண்டின் முழு விட்டமும் கணக்கிட்டால் 4 மில்லிமீற்றரே வித்தியாசம். வேகமானி பொய் சொல்லாது. விலையும் குறைவு, பள்ளத்தில் விழுந்தால் உயர்ந்த பக்கச் சுவர் அடியைத் தாங்கும். ஆனால் இவ்வின வண்டிகளின் பிறேக் பெரிதாகையால் சிறிய வளையம் அதன்மேல் ஏறுமா என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

இரண்டு ரயர் மட்டும் மாற்றிப் பாதிக் காசை மிச்சம் பிடிக்கலாமா என்றும் அவர் கேட்டிருந்தார். கூடவே கூடாது. பின்னே மட்டும் மாற்றினால் வண்டி புறப்படும். ஆனால் திரும்பாது, நேரே போகும். முன்னே மட்டும் மாற்றினால் முன்பக்கம் பிடித்து நிற்கப் பின்பக்கம் சுழன்று முன்னே வரும். நான்கும் ஒரே இனமாக இருத்தல் வேண்டும். பாவித்ததை வாங்குவோர் தவாளிப்பின் ஆழம் 4 மில்லிமீற்றருக்குக் குறைந்ததைத் தொடவேண்டாம். பக்கச் சுவரிலே நான்கு இலக்கங்கள் இருக்கும். 3523 என்றால் 2023 ஆம் ஆண்டின் 35 ஆம் வாரம் செய்யப்பட்டது.

காற்றடிப்பதும் பௌதிகமே. 20 பாகையில் சதுர அங்குலத்துக்கு 35 இறாத்தல் அமுக்கம் வைத்த ரயரில், −15 பாகையில் ஏறத்தாழ 29 இறாத்தலே இருக்கும். காற்று எங்கும் ஒழுகவில்லை. குளிர்ந்து சுருங்கியது, அவ்வளவே.

ஓட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். ஆர்முடுகல், பிறேக், திருப்பம் ஆகிய மூன்றும் ஒரே உராய்விலிருந்து பங்கு கேட்பவை. திருப்பத்துக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, திருப்பத்தினுள் பிறேக்கை விட்டுவிட வேண்டும். பின்பக்கம் வலப்புறம் சறுக்கினால் வலுவைக் குறைத்துச் சுக்கானையும் வலப்புறமே மெல்லத் திருப்பி, போக வேண்டிய வழியைப் பார்க்க வேண்டும். தடுக்க வேண்டிய மரத்தைப் பார்க்கக் கூடாது. சில்லு பூட்டாமற் காக்கும் பிறேக் உள்ள வண்டியிற் பாதம் அதிர்ந்தாலும் பாதத்தை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அச்சாதனம் சுக்கானைக் காப்பாற்றும். தூரத்தைக் குறைக்கும் என்று நம்ப வேண்டாம். 2011 செப்டெம்பர் முதல் கனடாவிற் கட்டாயமாக்கப்பட்ட சறுக்கற் கட்டுப்பாட்டுச் சாதனமும் இல்லாத உராய்வை உண்டாக்காது. பனியில் வண்டி புதைந்து நின்றுவிட்டால், இயந்திரத்தை ஓடவிடுமுன் இறங்கிப் புகைக்குழாயின் வாயைப் பனி மூடியிருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். மூடியிருந்தால் நச்சுப்புகை உள்ளே வந்து, மணமின்றி, உறங்குவது போலவே ஆளைக் கொன்றுவிடும். பிள்ளைகளுடன் தொலைபேசியிற் பேசும் பெற்றோர் இந்த ஒன்றையாவது சொல்லிவைப்பது நன்று.

இவ்வளவையும் மாணவருக்கு எழுதி, தங்கையின் காசை ஒரு முறை பிந்தி அனுப்பினால் தங்கை கெட்டுப்போக மாட்டாள் என்றும் சேர்த்திருந்தோம். மூன்று வாரம் கழித்து இரண்டு வரியிற் பதில் வந்தது. நான்கு ரயர் வாங்கியாயிற்று. வெறுமையாகக் கிடந்த தரிப்பிடமொன்றில் ஞாயிறு காலை அரைமணி நேரம் வேண்டுமென்றே சறுக்கிப் பழகினாராம். பின்னர் அதே இறக்கத்தில் அதே விளக்குக்கு, பாதி வேகத்தில் வந்தபோது, வண்டி வெள்ளைக்கோட்டுக்கு ஒரு பாகம் முன்னரே நின்றுவிட்டதாம்.

தங்கைக்கு அம்மாதம் பணம் பதினைந்து நாள் பிந்தியே வந்தது. அண்ணர் காரை அலங்கரிக்கின்றார் போலும் என்று தாயார் எம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார். ஆம், ரயர் மாற்றியிருக்கின்றார் என்று மட்டும் சொன்னோம்.