படத்தைக் கேளுங்கள், பெயரைப் பிறகு கேட்கலாம்

குன்னூரை அடுத்த ஜெகதளாப் பக்கம் இரண்டு மணங்கள் பழக்கமானவை. ஒன்று, பறித்த கொழுந்து தொழிற்சாலையில் வாடும்போது எழும் பூமணம். மற்றொன்று, நீலகிரித் தைலத்தின் நெடி. கண்ணைக் கட்டிவிட்டாலும் எவரும் ஒன்றை மற்றொன்றாக எண்ணமாட்டார். ஆனால் அணுக்களை எண்ணிப் பார்த்தால் வியப்பு காத்திருக்கிறது. தைலத்தின் முக்கியப் பொருளான சினியோல், தேயிலையின் மணத்தில் பங்குகொள்ளும் லினலூல், ஜெரானியால் ஆகிய மூன்றின் மூலக்கூறிலும் 10 கார்பன், 18 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்களே உள்ளன. பெப்பர்மிண்ட் எண்ணெயில் உள்ள மெந்தோன் என்ற கீட்டோனுக்கும் இதே கணக்குத்தான்!

அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. அவை கைகோத்திருக்கும் விதம் வேறு. இத்தகைய பொருள்களையே கட்டமைப்பு மாற்றியங்கள் என்கிறோம்.

இயற்பியல் ஆசிரியனான நான் வேதியியலில் மூக்கை நுழைக்கக் காரணம் இவற்றின் கொதிநிலைகள். சினியோல் ஏறக்குறைய 176 பாகை செல்சியஸில் கொதிக்கிறது, லினலூல் 198-இல், ஜெரானியால் 230-இல். மூலக்கூறின் எடை ஒன்றாயிருக்க, இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? லினலூலும் ஜெரானியாலும் ஆல்கஹால்கள். ஒரு மூலக்கூறின் ஹைட்ராக்சில் தொகுதியிலுள்ள ஹைட்ரஜன் அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பிடியை விடுவிக்க அதிக வெப்பம் வேண்டும். சினியோலிலோ ஆக்சிஜன் இரு கார்பன்களுக்கு நடுவே ஈதராக மாட்டிக்கொண்டிருக்கிறது. பிடி கொடுக்க அதனிடம் ஹைட்ரஜன் இல்லை. ஜெரானியாலின் ஹைட்ராக்சில் சங்கிலியின் நுனியில் இருப்பதால் பக்கத்து மூலக்கூறு எளிதில் நெருங்குகிறது. லினலூலில் அது கிளைகளுக்கு நடுவே ஒடுங்கி நிற்கிறது. கட்டமைப்பை ஒருமுறை வரைந்துவிட்டால் இவ்வளவும் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் தேர்வுகளில் நாம் பெரும்பாலும் கேட்பது என்ன? இது சங்கிலி மாற்றியமா, இட மாற்றியமா, வினைத்தொகுதி மாற்றியமா, மெட்டாமெரிசம் என்னும் இணைமாற்றியமா? நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு!

கீட்டோன்களையே எடுத்துக்கொள்வோம். அவற்றுள் எளியது அசிட்டோன். ஜெகதளாவுக்குப் பக்கத்து அரவங்காட்டில் உள்ள தொழிற்சாலையின் பெயரிலேயே இருக்கும் கார்டைட் என்ற வெடிமருந்தைக் கூழாகப் பிசைய அந்நாளில் கரைப்பானாக உதவியது இதுதான். அசிட்டோனில் வகை பற்றிய குழப்பம் எழாது. 3 கார்பனுக்கு ஒரே கீட்டோன்தான். 5 கார்பனுக்குப் போனால் வம்பு தொடங்குகிறது. 2-பென்டனோன், 3-பென்டனோன் இரண்டையும் பாருங்கள். கார்போனைல் தொகுதி இரண்டாம் கார்பனிலிருந்து மூன்றாவதற்கு நகர்ந்தது என்றால் அவை இட மாற்றியங்கள். அத்தொகுதியின் இருபுறமும் முன்னதில் மெத்தில், புரோப்பில். பின்னதில் இரண்டும் எத்தில் என்றால் இணைமாற்றியங்கள். ஒரு நூல் முதல் பெயரைச் சொல்கிறது, மற்றொரு நூல் இரண்டாவதை. எந்த நூலைப் படித்தோம் என்பதைப் பொறுத்து ஒரு மதிப்பெண் கிடைக்கிறது அல்லது போகிறது. இது நியாயமா?

அந்த மூலக்கூறுகளுக்கு இந்த வழக்கில் அக்கறையே இல்லை. இரண்டும் 102 பாகையை ஒட்டியே கொதிப்பதால் வெப்பமானியும் கைவிட்டுவிடும். ஆனால் அயோடினும் காரமும் சேர்த்துப் பாருங்கள்: 2-பென்டனோன் மஞ்சள் நிற அயோடோஃபார்ம் வீழ்படிவைத் தரும், 3-பென்டனோன் தராது. கார்போனைலை ஒட்டி ஒரு மெத்தில் தொகுதி இருக்கிறதா என்பதே கேள்வி. படம் வரைந்த மாணவன் இதைச் சோதனைக்கு முன்பே சொல்லிவிடுவான். வகைப்பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவனால் முடியாது.

வகைகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாற்றியங்களை ஒன்றும் விடாமல் எண்ண அவை நல்ல படிக்கட்டு: முதலில் சங்கிலியை மாற்று, பிறகு இடத்தை, பிறகு தொகுதியை. கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்தும் ஆசிரியருக்கு ஒற்றைச் சொல் விடை எவ்வளவு வசதி என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த வசதிக்காக, இரண்டு விடை சரியாக உள்ள வினாவில் ஒன்றைத் தவறென்று அடிக்கக் கூடாது. "இரு கட்டமைப்புகளையும் வரைக, இவற்றை வேறுபடுத்தும் ஒரு சோதனை கூறுக" என்று கேட்டால் போதும். மாணவன் எந்தப் பெயர் சூட்டினாலும் ஏற்றுக்கொள்ளலாம்.

மாணவ நண்பர்களே, 5 கார்பன், 10 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் கொண்டு மூன்று கீட்டோன்கள் அமைக்கலாம். இரண்டை மேலே சொல்லிவிட்டேன். மூன்றாவதையும், இதே அணுக்களால் ஆகும் ஆல்டிஹைடுகள் எத்தனை என்பதையும் ஒரு தாளில் வரைந்து பாருங்கள்.