பதினேழாயிரம் வெள்ளி ஏரி

தீபாவளியன்று மத்தியானம் அக்கா மகள் வீட்டில் இருந்தேன். வெளியே மழை. தைப்பிங்கில் தீபாவளிக்கு மழை பெய்யாவிட்டால்தான் செய்தி. இன்று எத்தனை மணிக்கு மழை வரும் என்று காப்பிக் கடையில் உட்கார்ந்து பந்தயம் கட்டிய ஊர் இது. அடுப்படியில் கூரை ஒழுகும் இடத்துக்குக் கீழே சிவப்பு வாளி ஒன்று இருந்தது. இரண்டு வருடமாக அது அங்கேயேதான் இருக்கிறது.

சிங்கப்பூரில் வேலை செய்யும் பேரன் வந்திருந்தான். அக்காவுக்குப் பேரன் என்றால் எனக்கும் பேரன்தான். முறுக்குத் தட்டை ஒதுக்கிவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். உள்ளே நீச்சல்காரர்கள் மாட்டும் கண்ணாடியைப் போல ஒன்று, அதைவிடப் பெரியதாக, கனமாக. ஆப்பிள் விஷன் புரோ. படத்தில் பார்த்திருக்கிறேன், தொட்டது அன்றுதான். அறுநூறு கிராமுக்கு மேல் எடை. பேட்டரி தனியாக ஒரு கம்பியில் தொங்குகிறது, சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேரம் தாங்குமாம். மாட்டிக்கொண்டால் நாம் இருக்கும் அறையும் தெரியும், அந்த அறைக்குள் இல்லாத திரையும் படமும் அந்தரத்தில் தெரியும். வேண்டுமென்றால் அறையை முழுக்க மறைத்துவிட்டு வேறோர் இடத்தில் போய் உட்காரலாம்.

பலகாரம் சாப்பிட வந்திருந்த பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"பெராப்பா?"

பேரன் சிரித்துச் சமாளித்தான். "கம்பெனியில கொடுத்தது" என்று அவன் அம்மா பதில் சொன்னாள். அவளிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறான் போலிருக்கிறது. பெரியவருடைய பேத்திக்குப் பத்து, பன்னிரண்டு வயதிருக்கும். கைப்பேசியில் தட்டிப் பார்த்து, ஒளிவு மறைவில்லாமல் சத்தமாக வாசித்தாள். ஐயாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. சிங்கப்பூர் வெள்ளி.

யாரும் பேசவில்லை. அக்கா மகள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். வாளித் தண்ணீரைக் கொட்டும் சத்தம் கேட்டது. கூரைக்குப் பணம் அனுப்புகிறேன் என்று அவன் போன பொங்கலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான்.

நம் காசுக்கு அது அப்போது சுமார் பதினேழாயிரத்து ஐந்நூறு வெள்ளி. இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2024இல் 1,500 ரிங்கிட்டாக இருந்தது. 2025 பிப்ரவரி முதல் 1,700 ஆகும் என்று பட்ஜெட்டில் சொல்லியிருந்தார்கள். அந்த 1,500 கணக்கில், வாடகை கட்டாமல், பசியாறாமல், பஸ் ஏறாமல் ஏறக்குறைய ஒரு வருடம் வேலை செய்தால் இதை வாங்கலாம். வாங்கலாம் என்றாலும் அப்போது இங்கே விற்கவில்லை. கோலாலம்பூர் டி.ஆர்.எக்ஸ் வளாகத்தில் ஆப்பிள் தன் முதல் மலேசியக் கடையை 2024 ஜூன் 22ஆம் தேதி திறந்தது. அதற்கு ஆறு நாள் கழித்து சிங்கப்பூர், ஜப்பான், சீனா, ஹாங்காங் எல்லாம் இந்தக் கருவி விற்பனைக்கு வந்தது. நம் பெயர் பட்டியலில் இருக்கவில்லை. வருத்தப்பட ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்வோம்.

சீனப் பெரியவர் கேட்ட அந்த ஒற்றைச் சொல்லைத்தான் உலகமும் முதலில் கேட்டது. 2023 ஜூன் 5ஆம் தேதி கலிபோர்னியாவில் இதை அறிவித்தபோது சொன்ன விலை 3,499 அமெரிக்க டாலர். அதே வருடம் மெட்டா நிறுவனம் வெளியிட்ட குவெஸ்ட் 3 கருவியின் விலை 499 டாலர். ஒன்றின் விலைக்கு மற்றது ஏழு வாங்கலாம். ஃபேஸ்புக் அதிபர் மார்க் ஸக்கர்பர்க் சும்மா இருப்பாரா? தன் வீட்டு வரவேற்பறையிலிருந்தே வீடியோ எடுத்து, எங்களுடையது மலிவு மட்டுமல்ல, பொருளும் அதைவிட மேல் என்று சொல்லிவிட்டார். தன் கடைச் சரக்கை யார்தான் குறைத்துச் சொல்வார்கள்! அப்போது ஆப்பிள் தலைவராக இருந்த டிம் குக்கே 2024 அக்டோபரில் ஒரு பேட்டியில், இந்த விலையில் இது எல்லோருக்குமான பொருள் இல்லை, நாளைய தொழில்நுட்பத்தை இன்றே விரும்புகிறவர்களுக்கானது என்கிற பொருள்பட ஒப்புக்கொண்டார்.

அமெரிக்காவில் 2024 பிப்ரவரி 2ஆம் தேதி விற்பனை தொடங்கியதும் கொஞ்ச நாள் கூத்தாக இருந்தது. மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள், ரயிலில் உட்கார்ந்து காற்றில் விரலை ஆட்டினார்கள். கார் ஓட்டும்போது ஒருவர் மாட்டியிருந்த வீடியோ பரவி, அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சரே தலையிட்டு, ஓட்டுநரின் கவனம் எப்போதும் சாலையில்தான் இருக்க வேண்டும் என்று நினைவுபடுத்தும்படி ஆயிற்று. வாங்கிய இரண்டு வாரத்துக்குள் தலைவலி, கழுத்து வலி என்று திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. சினிமா பார்க்க இதைவிட நல்ல திரை கிடையாது என்று சத்தியம் செய்தவர்களும் உண்டு.

எனக்கு இவற்றையெல்லாம்விட மனதில் நின்றது ஆப்பிளின் அறிமுகப் படத்தில் வந்த ஒரு காட்சி. ஒரு தகப்பன் தன் பிள்ளைகள் விளையாடுவதை அந்தக் கருவியை மாட்டிக்கொண்டே படம் பிடிக்கிறான், பிறகு தனியாக உட்கார்ந்து அதைப் பார்க்கிறான். உருக்கமாக இருக்கும் என்று நினைத்து எடுத்திருப்பார்கள். உலகம் முழுக்கப் பலருக்கு அது எதிர்மாறாகப் பட்டது. பிள்ளையின் எதிரே முகமூடி போட்டுக்கொண்டு உட்காருவானா ஒருவன் என்று கேட்டார்கள். நானும் கேட்டேன்.

மலாயாவின் முதல் ரயில் 1885இல் ஓடிய ஊர்க்காரர்கள் நாங்கள். புது இயந்திரத்தைப் பார்த்து வாய் பிளப்பதும் விலை கேட்பதும் எங்களுக்குப் பழக்கம்தான். எனக்கு நினைவு தெரிந்த புது இயந்திரம் என்றால் தொலைக்காட்சி. கோலாலம்பூரில் 1963 டிசம்பர் 28ஆம் தேதி ஒளிபரப்பு தொடங்கியது என்றாலும், கமுண்டிங் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்துக்கு அது வந்து சேரப் பல வருடங்கள் ஆயின. பெரிய கிராணி வீட்டில்தான் முதல் பெட்டி. தமிழ்ப் படம் போடும் நாளில் பெட்டியைச் சன்னல் பக்கம் திருப்பி வைப்பார். லயத்துச் சனம் முழுக்க அவர் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும். பின்வரிசைக்குத் தெரிவது பாதி படம், பாதி கிராணியின் திரைச்சீலை. அக்கா மறுநாள் விடியுமுன் பெரட்டுக்குப் போயாக வேண்டும், ஆனாலும் எழுந்திருக்க மாட்டாள். பத்து மணிக்குத் தோட்டத்து ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். படம் எந்த இடத்தில் இருந்தாலும் அத்துடன் இருட்டு. முடிவு என்னவாக இருக்கும் என்று மறுநாள் பால்மரங்களுக்கு நடுவே ஒரே வாக்குவாதம் நடக்கும்.

அந்தப் பெட்டியின் விலையும் பேசப்பட்டது. எத்தனை மாதச் சம்பளம் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டார்கள். கிராணி பணக்காரர் என்று பொறாமைப்பட்டார்கள். ஆனால் அவர் ஒருவர் கொடுத்த விலையில் அறுபது எழுபது பேர் படம் பார்த்தோம்.

பேரனின் கருவி அப்படிப் பகிர வருவதில்லை. வாங்கும்போதே ஐபோனால் முகத்தை ஸ்கேன் செய்து, வெளிச்சம் புகாத பட்டையை அந்த முகத்தின் அளவுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். கண்ணாடி போடுகிறவர்கள் மூக்குக் கண்ணாடியோடு மாட்ட முடியாது, தனி வில்லை வாங்கிப் பொருத்த வேண்டும். வேறொருவர் பார்க்க வேண்டுமென்றால் விருந்தினர் என்று பதிந்து, அவர் கண்ணசைவையும் கையசைவையும் கருவிக்குப் பழக்க வேண்டும். சட்டையை இரவல் கொடுக்கலாம், இதை இரவல் கொடுப்பது செருப்பைக் கொடுப்பது மாதிரி.

அன்று சங்கடத்தை உடைத்தது அக்காதான். "எனக்கு மாட்டி விடு அய்யா, பார்ப்போம்" என்றாள். எழுபத்தாறு வயது. கொண்டையைத் தளர்த்தி, பட்டையைச் சரி பண்ணி, கண்ணைப் பழக்கி முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. பாட்டிக்குத் தெரிவது எல்லோருக்கும் தெரியட்டும் என்று அதைத் தன் கைப்பேசித் திரைக்கும் அனுப்பினான். நாங்கள் ஐந்தாறு பேர் அந்தச் சின்னத் திரைமேல் குனிந்தோம். கிராணி வீட்டுச் சன்னல் எனக்கு ஞாபகம் வந்தது.

"அந்தப் படத்தைப் பாருங்க பாட்டி. அப்புறம் ரெண்டு விரலால கிள்ளுங்க."

"யாரைக் கிள்ளணும்?"

"சும்மா காத்துல."

கிள்ளினாள். அறை மறைந்து ஒரு ஏரி வந்தது. அக்கரையில் மரங்கள், அவற்றுக்குப் பின்னால் உயர்ந்த மலை. அக்கா கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள்.

"இது நம்ம ஏரிதானே? மேக்ஸ்வெல் மலையில என்னடா வெள்ளையா?"

அது அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்திலுள்ள ஹூட் மலை. வெள்ளையாக இருந்தது பனி. ஆனால் அவள் கேட்டதில் தப்பில்லை. ஏரியும் பின்னால் மலையும் என்றால் எங்களுக்குத் தைப்பிங் பூங்காதான். ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளங்களை 1880களில் பூங்காவாக்கினார்கள். மூட்டை மூட்டையாகக் காசு பார்த்த இடம்தான், இன்று கைவீசி நடந்து போய்ப் பார்க்கக் காசு இல்லை. வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம்.

அதைத்தான் நான் கொஞ்சம் குத்தலாகவே பேரனிடம் கேட்டேன். ஏரி பார்க்க உனக்குப் பதினேழாயிரம் வெள்ளியா? எல்லோரும் கலைந்த பிறகு, வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில். அவன் கோபப்படவில்லை.

"ரூம்ல நாலு பேரு தாத்தா. ரெண்டு அடுக்குக் கட்டில் ரெண்டு. வாடகை ஏறினதுல இன்னொருத்தனையும் சேர்த்துக்கிட்டோம். ஒருத்தன் நைட் ஷிஃப்ட், ஒருத்தன் எந்நேரமும் ஃபோன்ல சண்டை. வேலை முடிஞ்சி வந்து இதை மாட்டினா ஒரு மணி நேரம் யாரும் இல்ல. அவ்வளவுதான்."

மாதத் தவணையில் கட்டுகிறானாம். முடிய இன்னும் பத்தொன்பது மாதம் இருக்கிறது. அம்மாவிடம் பொய் சொன்னது தப்புத்தான் என்றான், கேட்காமலே.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தக் கருவியின் பெரிய குறை என்று எதை நினைத்துக்கொண்டு போனேனோ, அந்தத் தனிமைக்குத்தான் அவன் காசு கட்டிக்கொண்டிருக்கிறான். லயத்தில் ஓர் அறையில் எட்டுப் பேர் படுத்து வளர்ந்தவன் நான். தனியாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியபோது மரங்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். அவன் இருக்கும் பதினோராவது மாடியில் மரம் எங்கே இருக்கிறது?

அதற்காகக் கூரை ஒழுகலாமா என்று அவன் அம்மா கேட்பதும் நியாயம்தான். அவள் அன்று இரவு வரை அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மட்டும் அதிரசம் ஒரு டப்பா கட்டிக் கொடுத்தாள். நாலு பேருக்கும் காணும் அளவுக்கு.

போன வாரம் கூரைக்காரர் ஒருவரை அழைத்துப் போய்க் காட்டினேன். நாலு தகடு மாற்ற வேண்டும், மரச் சட்டம் ஒன்று உளுத்திருக்கிறது, 1,400 வெள்ளி ஆகும் என்றார். அக்கா மகள் அதைப் பேரனுக்கு நானே எழுதட்டும் என்றாள். பக்கத்தில் இருந்த அக்கா, பொங்கலுக்கு வரும்போது அந்தக் கண்ணாடியையும் கொண்டுவரச் சொல், பனி இல்லாத ஏரி இருக்கிறதா என்று கேள் என்றாள். இரண்டையும் ஒரே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன்.

இதை எழுதும்போது பார்த்தேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் வரவில்லை. வெளியே கறுத்துக்கொண்டு வருகிறது.