இறக்கையைத் தள்ளினால் ஓடுகிறதா?

விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிவைத்தது எங்கள் திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில்தான். அப்போது கொடுத்த டேபிள் ஃபேன்களில் சில, முதல்வர் படம் வெளுத்துப்போய், இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் பகலில் தூங்குகிறவர்களைக் கேட்டால் தெரியும், ஃபேனின் அருமை.

ஃபேன் நின்றால் "காயில் போச்சு" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பெரும்பாலும் போயிருப்பது கண்டன்சர். வீட்டுக்கு வரும் சிங்கிள் பேஸ் கரண்டில் இந்த மோட்டார் தானாகக் கிளம்பாது. ஸ்டார்ட்டிங் காயிலுக்குப் போகும் கரண்டைச் சற்று முந்தவைத்து, அதைச் சுற்றக் கிளப்புவது கண்டன்சர்தான். வெக்கையிலும், ஏறி இறங்கும் வோல்டேஜிலும் அதன் சக்தி வருஷா வருஷம் தேயும். அப்புறம் ஃபேன் 'உம்' என்று முனகிக்கொண்டு நிற்கும், குச்சியால் இறக்கையைத் தள்ளினால் ஓடும். இல்லாவிட்டால் ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தாலும் இரண்டில் வைத்த மாதிரி அசையும்.

நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறாதீர்கள். பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் போட்டுவைத்த புண்ணியவான்கள் உண்டு, மெயினையே இறக்குங்கள். டேபிள் ஃபேன் என்றால் பிளக்கைப் பிடுங்கினால் போதும். பழைய கண்டன்சரின் மேல் 2.5 மைக்ரோஃபாரட் என்று இருந்தால் அதையேதான் வாங்க வேண்டும். பெரிதாகப் போட்டால் காற்று அள்ளும் என்று சில கடைக்காரர்கள் சொல்வதைக் கேட்டால், காயில் சூடேறி நிஜமாகவே போய்விடும். கரிந்த வாடை வந்தால் மட்டும் ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோங்கள்.

கையால் சுற்றும்போதே டேபிள் ஃபேன் இறுக்கமாக இருந்தால் புஷ் காய்ந்திருக்கிறது. தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய்தான்; அது தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும்.

இந்தக் கைவைத்தியமெல்லாம் பழைய ஃபேன்களுக்குத்தான். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் ஸ்டார் லேபிள் கட்டாயமாகிவிட்டது. 75 வாட் இழுத்த இடத்தில் 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன்கள் வந்துவிட்டன. கரண்ட் பில் குறைவது உண்மை, நல்லதுதான். ஆனால் அதற்குள் இருப்பது எலக்ட்ரானிக் போர்டு. அது போனால் தெருமுனை எலக்ட்ரீஷியனே கையை விரிக்கிறார். அதே மாடல் போர்டு கிடைக்காவிட்டால், மோட்டார் நன்றாக இருந்தும் ஃபேன் காயலான் கடைக்குத்தான்.

பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் தனி இணையதளமே தொடங்கியது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். அடுத்த முறை ஃபேன் வாங்கப் போகும்போது எத்தனை ஸ்டார் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். போர்டு தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டு, பில்லின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.