கடைசி அத்தியாயத்து மனிதர்கள்

மன்னாரிலிருந்து பூநகரியூடாக யாழ்ப்பாணம் செல்லும் ஏ-32 வீதியில் உள்ள சிற்றூர் இலுப்பைக்கடவை. அண்மையில் அங்கு பேருந்துக்குக் காத்திருந்த வேளை, முதியவர் ஒருவருடன் உரையாட நேர்ந்தது. 1977 வன்செயலின் பின் மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம் அவருடையது. என் கையிலிருந்தது ஈழத்து இலக்கிய வரலாற்று நூல் என்று அறிந்ததும், "இதுல நாங்க இருக்கோமாங்க ஐயா?" என்று கேட்டார். "இருக்கிறீர்கள் ஐயா, கடைசி அத்தியாயத்தில்" என்றேன். சொன்ன பின்னர்தான் அப்பதில் என்னை உறுத்தியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்தோரில் பெருந்தொகையினர் மன்னார்க் கரையில் இறங்கியே காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவிய 1849ஆம் ஆண்டிலும் அந்த நடை ஓயவில்லை. அச்சகம் நம் இலக்கிய வரலாற்றின் முன்பக்கத்தில் இருக்கிறது. நடந்தவர்களின் துயரமோ பாட்டாகவே இருந்தது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தேடித் தொகுத்திராவிடின் அதுவும் அழிந்திருக்கும். தோட்டத் தொழிலாளரிடையே பாடிய மீனாட்சி அம்மாளை இன்று எத்தனை பேர் அறிவர்?

எழுத்தறிந்து எழுத வந்தவர்களுக்கும் வாசல் எளிதாகத் திறக்கவில்லை. முடிதிருத்தும் தொழில் செய்த டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. அதே 1960களில்தான் பண்டிதர் சிலர், பேச்சுமொழியில் எழுதப்பட்ட கதைகளை 'இழிசனர் வழக்கு' என்று ஒதுக்கினர். அது இலக்கணச் சொல்தான். ஆனால் கோயிலும் தேநீர்க்கடையும் சாதி பார்த்துக் கதவடைத்த ஊரில், அச்சொல் யாரைச் சுட்டியது என்பதை எவரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வெளிவந்தது இந்தப் பின்னணியிலேயே.

இன்று இவர்களை எவரும் மறைப்பதில்லை. தனித்தனி அத்தியாயங்களில் வைக்கிறோம். மலையக இலக்கியம், தலித் இலக்கியம், பெண் எழுத்து என்கிறோம். இவற்றுட் சில, அம்மக்களே பெருமையுடன் ஏற்ற பெயர்கள், அவை வேண்டியவையே. ஆனால் யாழ்ப்பாணத்து உயர்சாதியினரின் எழுத்துக்கு மட்டும் அடைமொழி ஏதுமில்லை. அது வெறுமனே 'ஈழத்து இலக்கியம்'. பிழை அங்கேதான் இருக்கிறது.

அச்சகத்தின் கதையைச் சொல்லும் பக்கத்திலேயே இக்கரையில் நடந்தவர்களின் கதையும் சொல்லப்பட வேண்டும். உரைநடையின் வளர்ச்சியைப் பேசுமிடத்தில் ஜீவாவும் டானியலும் பேசப்பட வேண்டும். அவ்வாறு எழுதப்படும் வரலாற்று நூல் ஒன்று கையிலிருந்தால், அம்முதியவருக்கு நான் வேறு பதில் சொல்லியிருப்பேன்.