ஆண்டின் கடைசி இரவுக்கு முன்னே

இன்னும் ஓர் ஆண்டின் முடிவுக்கு வந்திருக்கிறோம். இம்மட்டும் நம்மைத் தாங்கி நடத்திய தேவனுக்கு ஸ்தோத்திரம் உண்டாவதாக.

கொச்சியில் பிழைக்க வந்த நமக்கு டிசம்பர் மாதம் எப்படி இருக்கும் என்பது தெரியும். இடப்பள்ளிச் சந்திப்பைச் சுற்றிலும் கடைவாசல்களில் நட்சத்திர விளக்குகள் தொங்கும். மலையாளிகளின் வீட்டு முற்றங்களில் புல்கூடு எழும்பும். மட்டாஞ்சேரியைத் தாண்டி ஃபோர்ட் கொச்சிக்குப் போனால், 1984 முதல் நடந்துவரும் கொச்சின் கார்னிவல் திருவிழாவுக்கான தோரணங்களைக் காணலாம். டிசம்பர் 31 நள்ளிரவில் அங்கே 'பாப்பாஞ்ஞி' என்னும் கிழவனின் பேருருவத்தை நிறுத்தித் தீ வைப்பார்கள். கோட்டும் தொப்பியும் அணிந்த அந்தக் கிழவன் கழிந்துபோன ஆண்டுக்கு அடையாளம். அவன் எரிந்து முடிந்தால் பழையது தொலைந்தது என்று ஜனங்கள் ஆர்ப்பரிப்பார்கள்.

அதே மணி நேரத்தில் நாம் சபையில் முழங்காலில் நிற்கிறோம். அந்தக் கூட்டத்தில் நமக்குப் பங்கில்லை என்று சொல்லிக்கொள்ளுகிறோம். நல்லது. ஆனால் 'பழைய மனுஷன்' என்ற சொல் நம்முடைய வேதத்திலும் உண்டே! எபேசியர் 4-ஆம் அதிகாரத்தில் பவுல் அவனைக் களைந்துவிடச் சொல்லுகிறார். அதே அதிகாரத்தில் கோபத்தைக் குறித்தும் எழுதுகிறார். அதற்கு அவர் கொடுக்கும் தவணை ஆண்டு முடிவு வரை அல்ல, அன்றைய சூரியன் மறையும் வரை மட்டுமே. இந்த வசனங்களுக்கு முன்பாக நான் பன்னிரண்டு ஆண்டுகள் கடனாளியாக நின்றேன். அந்தச் சாட்சியையே இம்மாதம் எழுதுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில், கிறிஸ்மஸைப் பக்தியோடு கொண்டாடும் குடும்பத்தில் பிறந்தவன் நான். வேலை தேடி இடப்பள்ளிக்கு வந்த இடத்தில் இரட்சிக்கப்பட்டு, 2006-ஆம் ஆண்டு ஞானஸ்நானம் பெற்றேன். அந்த டிசம்பரில் ஊருக்குப் போனபோது, என் தகப்பனார் ஏணியில் நின்று வாசலில் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார். மூங்கில் சிம்புகளில் அவரே வண்ணத்தாள் ஒட்டிச் செய்த நட்சத்திரம். நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "இந்தத் தேதி வேதத்தில் எங்கே இருக்கிறது? நட்சத்திரம் கட்டினால் இரட்சிப்பு வருமா?" என்று முற்றத்தில் நின்று கேட்டேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. "அப்பாவிடம் பேசுகிற பேச்சா இது?" என்று அண்ணன் அதட்டினார். வைராக்கியம் என்று நான் நினைத்துக்கொண்ட கோபத்தோடு, அம்மா எடுத்துவைத்த சாப்பாட்டைத் தொடாமல் அன்றிரவே பேருந்து ஏறிவிட்டேன்.

அதன் பின்பு மாதந்தோறும் பணம் அனுப்பினேன். ஆனால் டிசம்பரில் ஊர்ப்பக்கம் போகவில்லை. 2013-இல் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது அடக்க ஆராதனைக்குப் போனேன். கல்லறையருகே அண்ணனும் நானும் நின்றோம், பேசிக்கொள்ளவில்லை.

என் கேள்வியில் பிழையில்லை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். டிசம்பர் 25 என்ற தேதி வேதத்தில் இல்லை என்பது உண்மைதான். அந்நாளில் கிறிஸ்துவின் பிறப்பை நினைவுகூர்ந்ததற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று, கி.பி. 336-ஆம் ஆண்டு ரோமாபுரியைச் சேர்ந்தது. ஆனால் ஒருநாள் கர்த்தர் என் வாதத்தை என்மேலேயே திருப்பினார். நான் தவறாமல் போகிற டிசம்பர் 31 இரவு ஆராதனை வேதத்தில் எங்கே இருக்கிறது? அது 18-ஆம் நூற்றாண்டில் மொராவிய சகோதரரிடத்திலும், பின்பு ஜான் வெஸ்லியின் மெதடிஸ்டுகளிடத்திலும் வளர்ந்து நமக்கு வந்த நல்ல வழக்கம். அதில் நான் தேவனை மகிமைப்படுத்தலாம் என்றால், என் தகப்பன் தன் நட்சத்திரத்தின் கீழே நின்று தேவனை மகிமைப்படுத்தினார் என்று ஏன் எண்ணக்கூடாது? நாட்களைக் குறித்து ஒருவரையொருவர் நியாயந்தீர்க்க வேண்டாம் என்றுதானே ரோமர் 14-ஆம் அதிகாரம் போதிக்கிறது! ஆனால் பெற்றோரைக் கனம்பண்ணும் கட்டளை அவரவர் விருப்பத்திற்கு விடப்பட்டதல்ல. விருப்பத்திற்கு விடப்பட்டதை நான் கட்டளையாக்கினேன், கட்டளையை மிதித்தேன்.

2017-ஆம் ஆண்டின் கடைசி இரவில் எங்கள் போதகர் மத்தேயு 5-ஆம் அதிகாரத்தின் 23, 24-ஆம் வசனங்களை வாசித்தார். என் கையில் காணிக்கை உறை இருந்தது. நமக்கு ஒருவன்மேல் குறை உண்டானால் என்று ஆண்டவர் அங்கே சொல்லவில்லை. நம் பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால் என்கிறார். காணிக்கை காத்திருக்கலாம், முதலில் போய் ஒப்புரவாகு என்கிறார். இதை அவர் கலிலேயாவின் மலைமேல் உபதேசித்தார். பலிபீடமோ எருசலேமில் இருந்தது. ஏறக்குறைய 120 கிலோமீட்டர், கால்நடையாய்ப் பல நாள் பயணம். அவ்வளவு தூரம் வந்து பலிபீடத்தண்டை நிற்கிறவனையும் ஊருக்குத் திரும்பிப் போகச் சொல்லுகிறார்! எனக்கோ ஓர் இரவுப் பயணம்தான்.

மறு ஆண்டு, 2018-இல், அந்தப் பயணமும் இலகுவாயிற்று. 1904-இல் திறக்கப்பட்ட கொல்லம் - செங்கோட்டை இரயில் பாதையில், மலைப்பகுதி அகலப்பாதையாக மாற்றப்படுவதற்காக 2010-இல் மூடப்பட்டிருந்தது. அது மீண்டும் திறக்கப்பட்டு, பாலக்காட்டிலிருந்து எர்ணாகுளம் வழியாக வரும் பாலருவி விரைவு வண்டி திருநெல்வேலி வரை ஓடத் தொடங்கியது. 2024-இல் அது தூத்துக்குடி வரை நீட்டிக்கப்பட்டது. மூடிக்கிடந்த பாதை திறந்த அந்த ஆண்டின் டிசம்பரில், மனைவி பிள்ளைகளோடு அந்த வண்டியில் ஏறினேன். விடியற்காலையில் திருநெல்வேலியில் இறங்கும்வரை எனக்குத் தூக்கமில்லை.

வாசலில் அண்ணன் நின்றார். "வண்டி நேரத்துக்கு வந்துவிட்டதா?" என்றார். நான் வழியெல்லாம் ஆயத்தம்பண்ணிய வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "அண்ணே, அப்பாவிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை உங்களிடம் கேட்கிறேன்" என்று மாத்திரம் சொன்னேன். அவர் என் பையை வாங்கிக்கொண்டார். சற்று நேரம் கழித்து, "நீ போன அன்றிரவு அப்பா கதவைத் தாழிடாமலே படுத்தார்" என்றார். அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்றிரவு குடும்ப ஜெபத்தில் லூக்கா 2-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்படி அண்ணன் என்னிடம் வேதாகமத்தைக் கொடுத்தார். அது அப்பாவின் வேதாகமம்.

அந்த அதிகாரத்தை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அன்றுதான் ஒன்றைக் கவனித்தேன். நாசரேத்தில் தச்சுவேலை செய்து பிழைத்த ஒரு மனிதன் பெயர் எழுதப்படும்படி தன் முன்னோர்களின் ஊருக்குப் புறப்பட்டுப் போன இடத்தில்தான் இரட்சகர் பிறந்தார். ஊர் திரும்பும் குடும்பத்தின் பாடுகளை நம் ஆண்டவர் பிறக்கும்போதே அறிந்தவர்.

பிரியமானவர்களே, பண்டிகையைக் கொண்டாடுவதா, வேண்டாமா என்பதில் உங்கள் சபையின் போதனைக்கும் உங்கள் மனச்சாட்சிக்கும் கீழ்ப்படியுங்கள். ஆனால் பண்டிகை வேண்டாம் என்பதைக் காரணம் காட்டித் தாயையும் தகப்பனையும் காணாமல் இருந்துவிடாதீர்கள். இந்த டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் அழைத்துச் செல்லுங்கள். விடுப்போ பணமோ கிடைக்காவிட்டால் இன்றைக்கே தொலைபேசியில் பேசுங்கள். வாக்குவாதத்தை அல்ல, நலம் விசாரிப்பதை முதலில் வையுங்கள். என் தகப்பனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை அவரிடமே கேட்கும் பாக்கியத்தை நான் இழந்துபோனேன். நீங்கள் இழக்க வேண்டாம்.

ஆண்டின் கடைசி இரவில் புதிய வாக்குத்தத்தத்திற்காகக் காத்திருக்கப் போகிறோம். அதற்கு முன்னே செய்து முடிக்க வேண்டிய ஒரு பயணம் உண்டா என்று ஒவ்வொருவரும் நம்மை நாமே ஆராய்ந்து பார்ப்போமாக.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, வைராக்கியத்தின் பேரில் நாங்கள் காயப்படுத்தின எங்கள் வீட்டாரை நினைவுகூருகிறோம். எங்களை மன்னியும். போய் ஒப்புரவாகத் தாழ்மையையும், அதற்கான வழியையும் தாரும். அவர்களைச் சுகத்தோடு காத்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.